களரியும் வகுப்பறையும்: மட்டக்களப்புக் கூத்து மரபில் பாடசாலையின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

இலங்கையின் மட்டக்களப்புப் பிரதேசத்தில் கூத்து என்பது ஓர் ஆற்றுகைக் கலை. அதே வேளையில் ஊரை ஆண்டின் சில மாதங்களுக்கு ஒருசேர இயங்கவைக்கும் நடைமுறையும் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கலை பல்கலைக்கழகத்துக்கும் பாடசாலைக்கும் பெயர்ந்தது. அப்பெயர்வில் ஆட்டமும் பாட்டும் சென்றன. ஊரைப் பிணைத்த நடைமுறை பெரும்பாலும் பின்தங்கியது. அண்ணாவியாரை ஆசிரியராக ஏற்ற அளவுக்கே பாடசாலையால் ஊருக்கு வலுச்சேர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மட்டக்களப்பு, வடமோடி, தென்மோடி, அண்ணாவியார், பாடசாலை அரங்கு, சு. வித்தியானந்தன், கூத்து மீளுருவாக்கம்

முன்னுரை

பாடசாலையில் கலைகளைக் கற்பித்தால் அயற்சமூகம் வலுப்பெறும் என்பது கல்வி சார்ந்த எழுத்துகளில் அடிக்கடி இடம்பெறும் கூற்றாகும். அச்சமூகம் ஏற்கெனவே தனக்கென ஒரு கலையையும் அதைக் கற்பிக்கும் முறையையும் கொண்டிருந்தால் பாடசாலையின் வருகை என்ன செய்கிறது என்பது அவ்வளவாக ஆராயப்படவில்லை. இவ்வினாவுக்கு விடைதேட மட்டக்களப்பு ஏற்ற களமாகும். அங்கே களரி ஒரு கல்விக்கூடமாக இயங்கிவந்த ஊர்களுக்குள்ளேயே பாடசாலையும் வந்தது. இரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாதவைபோல இருந்தன. பின்னர் ஒன்று மற்றொன்றிடம் கற்க முனைந்தது. அம்முயற்சியின் வரலாறு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குரியது.

ஊர் நடத்திய கல்வி

மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இரு பெரும் பிரிவுகளாகக் கூத்து வழங்குகிறது. வசந்தன், மகிடி, பறைமேளக் கூத்து முதலியனவும் உண்டு. வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் மிகுதி. தென்மோடியில் அலங்காரரூபன், அனுருத்திரன் போன்றோரின் கதைகள் மிகுதி. இவற்றின் ஆட்டமுறை, தாளக்கட்டு, உடை, ஒப்பனை பற்றி விரிவான ஆய்வுகள் வந்துள்ளன. சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாகும். நமது நோக்கத்துக்கு முதன்மையானவை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஊரில் நிகழ்பவை.

ஊரார் கூடி இவ்வாண்டு கூத்துப் பழகுவது என முடிவு செய்வதில் எல்லாம் தொடங்கும். எந்தக் கூத்து, எந்த அண்ணாவியார், பொறுப்பேற்கும் மனேஜர் யார் என்பவை பேசி முடிவாகும். (மனேஜர் என்ற ஆங்கிலச் சொல் கூத்து மரபுக்குள் எப்போது நுழைந்தது என்பது தனியே ஆராயத்தக்கது; இன்று அதை அகற்றினால் கூத்துக்காரர் தேடித் திகைப்பர்.) பின்னர் நல்லநாள் பார்த்துச் ‘சட்டங்கொடுத்தல்’ நிகழும். ஒவ்வொருவரின் குரல், உடல்வாகு, ஆட்டத்திறன் ஆகியவற்றை நோக்கி அண்ணாவியார் பாத்திரங்களைப் பகிர்வார். அவரவர்க்குரிய பாடல்கள் எழுதப்பட்ட பகுதியே சட்டம். அதைச் சபையில் கையேற்பவன் தன் பொறுப்பை ஊரறிய ஏற்கிறான். இடையில் விலகுவது எளிதன்று.

அதன்பின் இரவுகளில் பழக்கம் தொடங்கும். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்தவர்கள் இரவில் மத்தளத்தின் முன் நின்று காலடி பழகுவர். ஆட்டம் ஓரளவு கைவந்தபின் சதங்கை அணியும் நிகழ்ச்சி. அது பழகுநர் நிலையிலிருந்து கூத்தர் நிலைக்கு உயரும் சடங்கு. தொடர்ந்து கிழமைக்கூத்துகள் நடைபெறும். வாரந்தோறும் ஆடப்படும் இவற்றை ஊரார் வந்து பார்த்துக் குறைநிறை சொல்வர். இறுதி ஒத்திகையாகிய அடுக்குப் பார்த்தலின் பின்னரே வட்டக்களரியில் விடியும்வரை அரங்கேற்றம் நிகழும். அத்துடன் முடிவதில்லை. கூத்தர் வீடுவீடாகச் சென்று ஆடுவர். வீட்டார் அன்பளிப்பு வழங்குவர். அண்ணாவியாருக்குரிய சன்மானமும் அவ்வாறு சேரும்.

இந்நடைமுறையின் பயன் என்ன? எழுத்தறிவு குறைந்தவரும் நூற்றுக்கணக்கான விருத்தங்களையும் தருக்களையும் மனத்தில் நிறுத்தினர். தாளத்தைக் காலால் கற்றனர். பல மாதங்கள் ஒரே குழுவாக இயங்கினர். பார்வையாளர் என்று தனியே எவருமில்லை என்பதும் முக்கியமானது. கிழமைக்கூத்தில் குறைசொன்ன கிழவர் முன்னொரு காலத்தில் அதே பாத்திரத்தை ஆடியவராக இருப்பார். அவருடைய விமர்சனம் தொழில்நுணுக்கம் சார்ந்தது. ஒரு தலைமுறையின் அறிவு அடுத்த தலைமுறையின் உடலுக்குள் இறங்கும் இடமாகக் களரி இருந்தது.

இதைப் பொற்காலமாகப் போற்றுவது பொருந்தாது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பெண்களுக்குக் களரியைச் சுற்றி இடமிருந்தது, களரிக்குள் இல்லை. ஊர் என்பதும் சாதிப் படிநிலைகளைக் கொண்ட ஊரே. பறைமேளக் கூத்தை ஆடும் சமூகத்தினர் வடமோடிக் களரியில் சமமானவராக ஏற்கப்படவில்லை. களரி ஊரைப் பிணைத்தது. எவரெவரைப் பிணைத்தது, எவரை வெளியே நிறுத்தியது என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. பின்வந்த மீளுருவாக்க முயற்சிகள் இக்கேள்வியைத்தான் கையிலெடுத்தன.

பாடசாலையின் வருகையும் பாராமுகமும்

மட்டக்களப்பில் நவீன பாடசாலைக் கல்வி 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனுடன் தொடங்குகிறது. கத்தோலிக்கரும் பின்னர் இராமகிருஷ்ண மிஷனும் பாடசாலைகளை நிறுவினர். இப்பாடசாலைகள் தந்த கல்வியின் அருமையை மறுக்க முடியாது. ஆயினும் கூத்து அவற்றின் பார்வைக்குள் வரவில்லை. பாடசாலை மேடைக்குரியவை விலாசமும் சமய நாடகமும் ஆங்கில நாடகக் காட்சிகளும். கூத்தோ இரவில் ஊருக்குரியது.

இப்பாராமுகத்தை அந்நியக் கல்வியின் விளைவு என்று மட்டும் கூறிவிட இயலாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கிழக்கிலங்கையில் தமிழ்வழிக் கல்விக்கு ஆற்றிய பணி பெரிது. அவரது ‘மதங்க சூளாமணி’ (1926) ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் தமிழ்ப் பழநூல்களில் காணும் நாடகச் செய்திகளையும் ஒருங்கே வைத்துப் பேசியது. பிறந்த மண்ணில் விடியவிடிய ஆடப்பட்ட வடமோடி அந்நூலுக்குப் பொருளாகவில்லை. இதைக் குறையென்று சொல்வதைவிடக் காலத்தின் அடையாளம் எனக் கொள்வதே தகும். தமிழ் நாடகத்தின் பெருமையைப் பழமையில் தேடிய தலைமுறைக்கு அயலில் ஒலித்த மத்தளம் சான்றாகத் தோன்றவில்லை.

ஒரு விலக்கும் உண்டு. மட்டக்களப்பில் வித்தியாதரிசியாகப் பணியாற்றிய தி. சதாசிவ ஐயர் வசந்தன் பாடல்களைத் திரட்டினார். ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ 1940இல் வெளிவந்தது. பாடசாலைகளை மேற்பார்வையிடச் சென்ற அதிகாரி, பாடசாலைக்கு வெளியே கேட்ட பாடல்களை நூலாக்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பதால் அப்பாடல்கள் அவருக்குப் புதியனவாக ஒலித்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

ஊரின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில்

கூத்து பேராதனையில் புத்துயிர் பெற்றது பற்றிய எழுத்துகள் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் ஆளுமையை நடுவில் வைப்பன. அது நியாயமே. அவ்வாளுமை செயற்பட வழியமைத்த கல்விச் சூழல் போதிய கவனம் பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் சீர்திருத்தங்களால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் நிறுவப்பட்டன. மட்டக்களப்பில் வந்தாறுமூலை அத்தகைய கல்லூரியைப் பெற்றது. பாடசாலைகளில் தாய்மொழிக் கல்வி படிப்படியாக உயர் வகுப்புகளை எட்டி, 1960ஐ ஒட்டிப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கும் விரிந்தது. இதன் விளைவாக ஆங்கிலம் பயின்ற நகர மாணவருக்கே உரியதாக இருந்த பேராதனைக்குள் கிராமத்துத் தமிழ் மாணவர்கள் நுழைந்தனர். அவர்களுட் சிலர் சிறுவயதிலிருந்தே களரியை அறிந்தவர்கள். வந்தாறுமூலையில் பயின்று பேராதனை சென்ற மௌனகுரு அவர்களுள் ஒருவர். கூத்தைத் தேடிப் பல்கலைக்கழகம் ஊருக்குச் செல்வதற்கு முன்பே, கூத்தை அறிந்த உடல்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டன.

அரசியற் சூழலும் இதற்குத் துணையாயிற்று. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள நாடகத்துக்குத் தேசிய வடிவம் தேடிய சரச்சந்திர, நாடகம் என்ற கிராமிய வடிவத்தை அடித்தளமாகக் கொண்டார். அவ்வடிவமோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. தமிழருக்கும் தமக்கெனத் தனித்துவமான நாடக வடிவம் உண்டு என்று காட்டும் தேவை இக்காலத்தில் எழுந்தது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமையேற்ற வித்தியானந்தன் அத்தேவையைச் செயலாக்கினார்.

அவர் செய்தவை இரு வகைப்படும். முதலாவது பரவலாக அறியப்பட்டது. ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகிய தயாரிப்புகளில் விடியும்வரை ஆடப்படும் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குட்பட்டதாகச் சுருக்கி, நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரியிலிருந்து ஒரு புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். இரண்டாவது வகைப் பணியே சமூக நோக்கில் ஆழமானது. அண்ணாவியார்களைக் கூட்டி அவர்களுடன் கலந்துரையாடினார். அவர்களைப் பாராட்டிச் சிறப்பித்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’ முதலிய கூத்துப் பிரதிகளை அச்சிடச் செய்தார். பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளை ஏற்படுத்தினார்.

பேராதனைத் தயாரிப்புகளுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பட்டமோ சான்றிதழோ இல்லாத ஊர்க் கலைஞர் ஒருவர் நாட்டின் உயர்கல்வி நிறுவனத்தில் ஆசானாக நின்றார்; விரிவுரைகளில் அமர்ந்து பழகிய மாணவர்கள் அவர் முன் காலடி பழகினர். படித்தவர் பார்வையில் தாழ்ந்திருந்த கூத்துக்கு இதனால் மதிப்பு உயர்ந்தது. பாடசாலை அதிபர்களும் ஆசிரியர்களும் தம் ஊரின் அண்ணாவியாரைத் தேடத் தொடங்கியதற்குப் பேராதனை மேடை தந்த கௌரவம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

மேடையேறியதும் விடுபட்டதும்

பாடசாலைக்கூத்து இவ்வாறு பரவியது. இன்று தமிழ்மொழித்தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்து ஒரு பிரிவாக உள்ளது, க.பொ.த. உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக உள்ளது. இவை பெறுமதியானவை. மகளிர் பாடசாலைகளின் வழியே பெண்கள் முதன்முதலாகச் சதங்கை கட்டி ஆடினர். ஊர்க்களரி நூறாண்டுகளில் செய்யாததைப் பாடசாலை மேடை ஒரு தலைமுறையில் செய்தது. மரபு சிதைந்துவிட்டது என வருந்துவோர் இந்த உண்மையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

எனினும் சில மாற்றங்களைச் சுட்டியாக வேண்டும். போட்டிக்கெனப் பழகும் கூத்தில் சட்டங்கொடுத்தல் இல்லை. ஆசிரியர் மாணவரைத் தெரிவு செய்கிறார். கிழமைக்கூத்து இல்லை, ஆகவே குறைசொல்லும் கிழவருக்கு இடமில்லை. அவருடைய இடத்தில் மதிப்பெண் தாளுடன் நடுவர் அமர்ந்திருக்கிறார். அந்நடுவர் வேற்றூரவர், மறுநாள் காலையில் அச்சிறுவனைத் தெருவில் காணப்போகிறவர் அல்லர். வீடுவீடாக ஆடுதல் இல்லை. பரிசுக் கேடயம் அதிபரின் அறைக்குச் செல்கிறது. குறித்த சில நிமிடங்களுக்குள் முடிக்கவேண்டியிருப்பதால், விரைவான ஆட்டங்களும் போர்க்காட்சியும் தெரிவு செய்யப்படுகின்றன. நின்று பாடும் விருத்தங்களும் கட்டியகாரனின் நகைச்சுவையும் வெட்டப்படுகின்றன.

இவற்றுள் எதுவும் எவருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்ததன்று. பாடசாலைக்குத் தனக்கென நேரவட்டவணை உண்டு. ஊருக்கு வேறொரு காலக்கணக்கு உண்டு. கூத்தின் வடிவத்தை நேரவட்டவணைக்குள் அடக்க முடிந்தது. கூத்துப் பழகும் நடைமுறையை அடக்க முடியவில்லை. மேலே விவரித்தவாறு ஊரைப் பிணைத்தது அந்நடைமுறையே எனின், பாடசாலை கூத்தைக் காத்தபோதும் கூத்தின் வழியே ஊர் பெற்றதைக் காக்க இயலவில்லை என்றே கூறவேண்டும்.

போர்க்காலம்

1980களிலிருந்து களரி பெரும் சிதைவுக்குள்ளானது. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் நிலவிய காலத்தில் விடியவிடியக் கூடியிருப்பது இயலாதாயிற்று. இளைஞர் ஊரில் இல்லை. இருந்தோர் இரவில் வெளியே வரவில்லை. பாடசாலைகளே பல வேளைகளில் அகதி முகாம்களாயின.

இக்காலத்தில் பாடசாலை அரங்கு வேறொரு பணியை ஏற்றது. அதன் வேர் வடக்கில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, ஆசிரியர்களையும் மாணவர்களையும் விளையாட்டு, களப்பயிற்சி ஆகியவற்றின் வழியே அரங்குக்குப் பழக்கியது. அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ (1985) பல்கலைக்கழக மாணவரால் ஊரூராக ஆடப்பட்டது. ‘அன்னை இட்ட தீ’ (1991) போரினால் ஏற்பட்ட உளக்காயங்களைப் பேசியது. சிறுவருக்கான அவரது நாடகங்கள் பாடசாலைகளில் பரவின. அழவும் பேசவும் இடமற்றிருந்த பிள்ளைகளுக்கு அரங்கு அந்த இடத்தைத் தந்தது. இங்கு முதன்மை பெற்றது மேடையில் தோன்றிய முடிவுப்பொருளைவிடக் கூடிப் பழகிய காலமே என்பதை நோக்கினால், நவீன அரங்கின் மொழியில் பேசிய சண்முகலிங்கம் கூத்தின் பழைய நடைமுறைக்கு மிக அருகில் நின்றார் எனலாம்.

சீலாமுனை: களரிக்குத் திரும்புதல்

கிழக்கில் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஓகஸ்ட் 1ஆம் நாள் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்திலேயே தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அண்ணாவியாரின் ஊருக்கே பல்கலைக்கழகம் வந்துசேர்ந்தது. அங்கு மௌனகுரு ‘இராவணேசன்’ கூத்தைப் புதிய தலைமுறை மாணவருடன் மீண்டும் தயாரித்தார். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் வேறொரு பாதையைத் தெரிந்தார். கூத்தை மேடைக்குக் கொண்டுவருவதைவிட ஆய்வாளர் களரிக்குச் செல்லவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில் ஊர்க் கூத்தருடன் இணைந்து 2000களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ‘கூத்து மீளுருவாக்கம்’ அதன் விளைவாகும்.

அங்கு சட்டங்கொடுத்தல் முதலான படிநிலைகள் ஒவ்வொன்றும் காக்கப்பட்டன. அவற்றின் நடுவே உரையாடல் சேர்க்கப்பட்டது. பிரதியில் பெண்கள் இழிவாகச் சித்திரிக்கப்படும் இடங்கள், சாதி மேன்மையைப் போற்றும் வரிகள், போரைக் கொண்டாடும் பகுதிகள் ஆகியவை அண்ணாவியாரும் கூத்தரும் ஊராரும் கூடியிருக்கும் இடத்தில் விவாதத்துக்கு வந்தன. மாற்றம் ஏற்கப்பட்டால் அண்ணாவியாரே புதிய பாடலைக் கட்டினார். சிறுவர் கூத்துகளும் இதன் தொடர்ச்சியாக உருவாயின.

பேராதனை வழியையும் சீலாமுனை வழியையும் எதிரெதிராக நிறுத்தி விவாதிப்பது ஈழத்து அரங்க ஆய்வில் வழக்கமாகிவிட்டது. முன்னதைச் செந்நெறியாக்கம் என்றும் பின்னதைக் காலனித்துவ நீக்கம் என்றும் பெயரிட்டுப் பக்கம் சார்வதில் பயன் குறைவு. 1962இல் கூத்துக்கு வேண்டியிருந்தது மதிப்பு. அதைப் படச்சட்ட மேடை தந்தது. நாற்பது ஆண்டுகளின் பின் வேண்டியிருந்தது ஆடும் ஊர். கூத்துக்கு மதிப்பே இல்லாதிருந்திருப்பின் சீலாமுனைக்குப் பல்கலைக்கழகம் சென்றிருக்காது. எனினும் இரண்டுக்கும் பொதுவாய் நின்றவர் அண்ணாவியார். அவரிடம் கற்றவரை இரு முயற்சிகளும் ஊரோடு உறவு கொண்டிருந்தன. ஒலிப்பதிவை வைத்து ஆட்டம் பழக்கும் பாடசாலைகளில் அவ்வுறவு அற்றுப்போகிறது.

அண்ணாவியாரும் பாடத்திட்டமும்

உயர்தர வகுப்பு மாணவர் வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளை இன்று நன்கு எழுதுகின்றனர். சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என்ற வரிசையைப் பிழையின்றி மனனம் செய்கின்றனர். களரியின் நடைமுறை இவ்வாறு விடைத்தாளில் ஒரு வினாவாக நிலைபெற்றுள்ளது.

கூத்து ஆடப்படும் ஊர்களில் உள்ள பாடசாலைகளிலேனும் இவ்வரிசையை ஓர் ஆண்டின் இரு தவணைகளுக்கு விரித்து நடைமுறைப்படுத்த முடியுமா என்பது பரிசீலிக்கத்தக்கது. சட்டங்கொடுத்தலைப் பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்தலாம். கிழமைக்கூத்தை வெள்ளி மாலைகளில் பாடசாலை முற்றத்தில் ஊராருக்குத் திறந்துவிடலாம். அரங்கேற்றத்தின்பின் மாணவர் அயலில் உள்ள வீடுகளின் முன் ஆடலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தடையாக நிற்பது நியமன விதி. பாடசாலையில் கற்பிப்பதற்குச் சான்றிதழ் வேண்டும். அண்ணாவியாரிடம் இருப்பது மத்தளமும் ஏடும். ஆகவே அவர் வளவாளர் என்ற பெயரில் போட்டிக்கு முந்திய சில நாள்களுக்கு மட்டும் அழைக்கப்படுகிறார். வரவுப் பதிவேட்டில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை.